கணினிக் கேள்வி–பதில்: தொகுப்பான் வாய்திறக்காத பிழைகள்

கடந்த இதழில் சொக்கெட், அதாவது வலையமைப்பின் வழியே நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்புமுனை, பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன் பிறகு திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: ஓர் இயங்குதளத்தில் ஒழுங்காக ஓடும் வலையமைப்பு நிரல், இன்னொன்றுக்குப் போனதும் ஏன் முரண்டுபிடிக்கிறது? ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். நமது பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்று சொல்வதையே நான் சுருக்கம் கருதி 'இயங்குதளம்' என்கிறேன். மாணவர்கள் பரீட்சையில் பாடநூலின் சொல்லையே எழுதுவது நல்லது.

கேள்வி: ஐயா, லினக்ஸ் கணினியில் சீ மொழியில் எழுதிய ஒரு சிறிய உரையாடல் நிரலை நண்பனின் விண்டோஸ் மடிக்கணினிக்குக் கொண்டுபோனேன். தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) இல்லை என்று முதலில் ஏராளமான பிழைகள் வந்தன. அவற்றைத் தேடித் தேடி மாற்றிய பின் தொகுப்பான் (கொம்பைலர்) ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிரலை ஓட்டினால் இணைப்பு ஏற்படுவதில்லை. ஒருமுறை பிழையை அச்சிடச் செய்தபோது 'பிழை இல்லை' என்றே வந்தது. இது எப்படி?
— மாணவர் ஒருவர், நிலாவெளி

பதில்: தம்பி, உங்கள் நிரலில் ஒன்றல்ல, மூன்று தவறுகள் உள்ளன, ஒவ்வொன்றும் மற்றதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் புலப்படவில்லை.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். சொக்கெட் என்ற ஏற்பாடு 1983இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 4.2 பீ.எஸ்.டி. என்ற யுனிக்ஸ் பதிப்போடு வெளிவந்தது. யுனிக்ஸில் சொக்கெட்டும் ஒரு கோப்பைப் போன்றதே: அதற்குச் சிறிய முழு எண் ஒன்று வழங்கப்படும், கோப்பை மூடும் அதே 'குளோஸ்' அதையும் மூடும், கோப்பின் பிழை எண் வந்து சேரும் 'எர்நோ' என்ற இடத்திலேயே அதன் பிழை எண்ணும் வந்து சேரும். விண்டோஸில் கதை வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விண்டோஸுக்கான வலையமைப்பு மென்பொருளைப் பல நிறுவனங்கள் தனித்தனியே விற்றுவந்த காலத்தில், அவை அனைத்துக்கும் பொதுவான இடைமுகமாக வின்சொக் வரையறுக்கப்பட்டது, அதன் 1.1ஆம் பதிப்பு 1993 ஜனவரியில் வந்தது. அது இயங்குதளத்தின் கோப்பு ஏற்பாட்டோடு ஒட்டாமல், தனி நூலகமாக வெளியே நின்றது. வெளியே நிற்கும் ஒன்றைத் தொடங்கிவைக்க ஒரு தனி அழைப்பு வேண்டும். அதற்கெனத் தனிப் பிழை எண்ணும், மூடுவதற்குத் தனிச் செயற்கூறும் வேண்டும். இன்று விண்டோஸில் நாம் காணும் வேறுபாடுகளுள் பெரும்பகுதி அந்த நாளின் மிச்சமே.

இனி உங்கள் நிரலுக்கு வருவோம். 'டபிள்யூ.எஸ்.ஏ. ஸ்டார்ட்அப்' என்ற தொடக்க அழைப்பு அதில் இல்லை. ஆகவே முதல் 'சொக்கெட்' அழைப்பே தோற்றிருக்கிறது. அந்தத் தோல்விக்கு வின்சொக் தரும் எண் 10093. இது முதல் தவறு. தோல்வியை நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் 'கிடைத்த எண் பூச்சியத்திலும் சிறிதா' என்று லினக்ஸ் பழக்கத்தில் கேட்டிருப்பீர்கள். விண்டோஸில் சொக்கெட்டின் வகை குறியற்ற எண்; அது ஒருபோதும் பூச்சியத்திலும் சிறிதாக முடியாது. தோல்வியைக் குறிக்க 'இன்வாலிட் சொக்கெட்' என்ற மாறிலியே உள்ளது, அதனோடுதான் ஒப்பிட வேண்டும். இது இரண்டாவது. கடைசியாகப் பிழையை அச்சிட்டபோது நீங்கள் 'எர்நோ'வைக் கேட்டிருக்கிறீர்கள். வின்சொக் அங்கே எதையும் எழுதுவதில்லை, 'டபிள்யூ.எஸ்.ஏ. கெட்லாஸ்ட்எரர்' என்ற செயற்கூறையே கேட்கவேண்டும். கேட்கக்கூடாத இடத்தில் கேட்டதால் 'பிழை இல்லை' என்ற பதில் கிடைத்தது.

இவற்றைத் திருத்தும்போது நிரல் முழுவதும் 'விண்டோஸானால் இப்படி, இல்லையேல் அப்படி' என்று நிபந்தனை வரிகளைத் தூவிவிடாதீர்கள். ஆறு மாதத்தின் பின் உங்களுக்கே அது விளங்காது. வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குங்கள்: தொடக்கம், முடிவு, மூடுதல், கடைசிப் பிழை எண், காத்துநிற்கா நிலைக்கு (அழைப்பு முடியும்வரை நிற்காமல் உடனே திரும்பும் நிலைக்கு) மாற்றுதல் ஆகிய ஐந்துக்கும் உங்களுடைய பெயரில் ஐந்து சிறிய செயற்கூறுகள், சொக்கெட்டுக்கு உங்களுடைய பெயரில் ஒரு வகை. மற்றக் கோப்புகளில் இயங்குதளத்தின் பெயரே வரக்கூடாது. அந்த ஒரு கோப்பில் 'வின்சொக்2' தலைப்புக் கோப்பை 'விண்டோஸ்' தலைப்புக் கோப்புக்கு முன்னரே சேர்த்துவிடுங்கள்; பின்னது பழைய வின்சொக்கைத் தானாக இழுத்துவந்துவிடும், பிறகு ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாகத் தொகுப்பான் நூறு வரியில் முறையிடும். அந்த முறையீடு நல்லது. வாய்விட்டுச் சொல்லும் பிழையைத் திருத்திவிடலாம். இம்மாதக் கடிதங்களில் உள்ள தொல்லையெல்லாம் தொகுப்பான் வாய்திறக்காத வகையைச் சேர்ந்தவை.

கேள்வி: இணைப்புக்காகக் காத்துநிற்காத முறையில் 'கனெக்ட்' செய்துவிட்டு, 'செலெக்ட்' மூலம் எழுதத் தயாரா என்று பார்க்கிறேன். சேவையகம் நிறுத்தப்பட்டிருந்தால் லினக்ஸில் உடனே தெரிந்துவிடுகிறது. விண்டோஸிலோ நான் கொடுத்த 30 செக்கனும் முடியும்வரை 'செலெக்ட்' திரும்புவதில்லை.
— மூதூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, இதே சுவரில் நானும் இரண்டு நாள் தலையை மோதியிருக்கிறேன். பல சொக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் 'செலெக்ட்' மூன்று பட்டியல்களை ஏற்கும்: வாசிக்க, எழுத, மூன்றாவது விதிவிலக்கு நிலைகளுக்கு. மூன்றாவதை யுனிக்ஸ் உலகில் யாரும் கவனிப்பதில்லை, வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். லினக்ஸில் இணைப்பு வெற்றியானாலும் தோல்வியானாலும் அந்த சொக்கெட் 'எழுதத் தயார்' என்றே காட்டப்படும், பிறகு 'எஸ்.ஓ. எரர்' என்ற தெரிவைக் கேட்டு எது நடந்தது என்று அறிந்துகொள்வோம். விண்டோஸில் வெற்றி மட்டுமே எழுதும் பட்டியலில் வரும். தோல்வி, நீங்கள் வெறுமையாக விட்ட அந்த மூன்றாவது பட்டியலில் வரும். ஆகவே விண்டோஸ் உங்களிடம் சொல்ல முயன்றது, நீங்கள்தான் அந்தக் காதைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். சொக்கெட்டை இரண்டு பட்டியல்களிலும் சேர்த்துவிட்டு, எதில் வந்தாலும் 'எஸ்.ஓ. எரர்' கேளுங்கள். அது எல்லா இயங்குதளங்களுக்கும் பொருந்தும்.

'செலெக்ட்' வேண்டாம், 'போல்' செயற்கூறுக்கு மாறிவிடலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸிலும் அதற்கு ஒத்த 'டபிள்யூ.எஸ்.ஏ. போல்' உண்டு, ஆனால் தோற்றுப்போன இணைப்பை அது அறிவிக்காமலே விட்டுவிடும் குறை நெடுங்காலம் இருந்து, விண்டோஸ் 10இன் 2004ஆம் பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. (அந்த 2004 ஆண்டன்று, 2020இல் வந்த பதிப்பின் எண்.) பழைய கணினிகளிலும் உங்கள் நிரல் ஓடவேண்டுமானால் 'செலெக்ட்'டோடே இருங்கள்.

இன்னொன்று: காத்துநிற்காத 'கனெக்ட்' நடந்துகொண்டிருக்கிறது என்பதை லினக்ஸ் 'ஈ.இன்புரோகிரஸ்' என்ற எண்ணாலும், விண்டோஸ் 'டபிள்யூ.எஸ்.ஏ. ஈ.வுட்பிளொக்', அதாவது 10035 என்ற எண்ணாலும் சொல்லும். சேவையகப் பக்கத்திலும் ஒரு கண் வையுங்கள். காத்துநிற்கா நிலையிலுள்ள சொக்கெட்டில் 'அக்செப்ட்' செய்து (வந்த இணைப்பை ஏற்று) பெறும் புதிய சொக்கெட், லினக்ஸில் அந்த நிலையைப் பெறாது. விண்டோஸிலும் மேக்கிலும் தாயின் நிலை பிள்ளைக்கும் வந்துவிடும். நீங்களே ஒவ்வொரு முறையும் வெளிப்படையாக நிலையை அமைத்துவிட்டால் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

கேள்வி: நான் எதிர்த்திசையில் வந்தவன். விண்டோஸில் எழுதி ஈராண்டாக ஓடிக்கொண்டிருந்த நிரலை லினக்ஸுக்கு மாற்றினேன். வேலை செய்கிறது, ஆனால் சில செக்கன்களிலேயே கணினியின் விசிறி இரைச்சலிடத் தொடங்குகிறது.
— தம்பலகாமம் வாசகர்

பதில்: 'செலெக்ட்'டுக்குக் கொடுக்கும் கால எல்லையைச் சுழற்சிக்கு வெளியே ஒருமுறை மட்டும் நிரப்பியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். லினக்ஸ், காத்திருந்த நேரத்தைக் கழித்து, மீதியை அதே இடத்தில் எழுதிவிடும். எல்லை முழுவதும் கடந்துவிட்டால் மீதி பூச்சியம். அடுத்த சுற்றிலிருந்து 'செலெக்ட்' ஒரு கணமும் நிற்காது, நிரல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். விண்டோஸ் அந்த இடத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கால எல்லையைப் புதிதாக நிரப்புங்கள், விசிறி அடங்கிவிடும். சித்திரை வெயிலில் அடங்காவிட்டால் அது வேறு பிரச்சினை.

அதே செயற்கூறில் மற்றொரு பொறியும் உண்டு. விண்டோஸில் ஒரு பட்டியலில் இயல்பாக 64 சொக்கெட்டுகளை மட்டுமே இடலாம். தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் முன் மாறிலியை மாற்றி அதைக் கூட்டிக்கொள்ளலாம். லினக்ஸில் எல்லை 1024, ஆனால் அது எண்ணிக்கையன்று. சொக்கெட்டுக்கு வழங்கப்பட்ட எண் 1023ஐத் தாண்டினால், பட்டியலில் அது ஒன்று மட்டுமே இருந்தாலும் நினைவகம் சிதையும். அவ்வளவு இணைப்புகள் வரும் நாள் வந்தால் லினக்ஸின் 'ஈபோல்', மேக்கின் 'கேகியூ', விண்டோஸின் நிறைவுத் துறை (கொம்ப்ளீஷன் போர்ட்) என்று மூன்று வேறு உலகங்களுக்குள் போகவேண்டியிருக்கும். அதைக் கையால் எழுதாதீர்கள், கீழே சொல்லும் நூலகங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேவையக நிரலைத் தவறுதலாக இருமுறை தொடக்கிவிட்டேன். லினக்ஸில் இரண்டாவது பிரதி 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று நின்றுவிடும். விண்டோஸில் இரண்டும் ஓடின. வாடிக்கையாளர் கேட்பதற்கு எது பதில் சொல்கிறது என்றே தெரியவில்லை. துறை (போர்ட் எண்) ஒன்றுதானே?
— கிண்ணியா வாசகி

பதில்: துறை ஒன்றுதான், அம்மா. நமது துறைமுகத்தில் ஒரு கப்பல் கட்டியிருக்கும் இடத்திலேயே இன்னொன்றையும் கட்ட விண்டோஸ் அனுமதித்துவிட்டது. அனுமதியைக் கேட்டவர் நீங்கள்.

சேவையகத்தை நிறுத்தி உடனே மறுபடி தொடக்கினால், பழைய இணைப்புகள் சிறிது நேரம் முடிவுநிலையில் தங்கியிருப்பதால், துறையைப் பிடிக்கும் 'பைண்ட்' அழைப்பு மறுக்கப்படும். அதைத் தவிர்க்க யுனிக்ஸில் எல்லோரும் 'எஸ்.ஓ. ரீயூஸ்அட்ர்' என்ற தெரிவை இடுவார்கள். அங்கே அதன் பொருள், 'பழைய இணைப்பின் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை' என்பது. உயிரோடு கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு சேவையகத்தின் மேல் ஏறி உட்கார அது இடம் தராது. விண்டோஸில் அதே பெயருக்குப் பொருள் வேறு: கேட்டுக்கொண்டிருப்பவர் இருந்தாலும் அதே துறையில் இன்னொருவர் அமரலாம். யாருக்கு இணைப்புப் போகும் என்பதற்கு உறுதி கிடையாது. இது குழப்பம் மட்டுமன்று, பாதுகாப்புக் குறையும் கூட. அதே கணினியில் ஓடும் ஒரு தீய நிரல் உங்கள் துறையைப் பறித்துக்கொள்ளலாம். ஆகவே விண்டோஸில் அந்தத் தெரிவை இடாமல், 'எஸ்.ஓ. எக்ஸ்குளூசிவ்அட்ர்யூஸ்' என்பதை இடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருப்பதைவிடப் பெயரே வேறாக இருப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: மேக் கணினியில் என் சேவையகம், வாடிக்கையாளர் திடீரென விலகினால் ஒரு சொல்லும் இல்லாமல் இறந்துவிடுகிறது. விண்டோஸில் இப்படி இல்லை.
— உவர்மலை வாசகர்

பதில்: மூடப்பட்ட இணைப்பில் எழுதினால் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 'சிக்பைப்' என்ற சைகையை அனுப்பும், அதன் இயல்பான விளைவு நிரலைக் கொல்வது. விண்டோஸில் அந்தச் சைகை இல்லை. நிரலின் தொடக்கத்திலேயே அதைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள். 'செண்ட்' பிறகு சாதாரணப் பிழை எண்ணையே தரும்.

கேள்வி: படகிலிருந்து ஜீ.பி.எஸ். தரவை, இணைப்பு ஏற்படுத்தாமல் பொதிகளாக அனுப்பும் யூ.டி.பி. முறை மூலம் கரைக்கு அனுப்பும் நிரல் ஒன்றை நண்பர்கள் இருவரும் எழுதுகிறோம். படகில் சிறிய லினக்ஸ் கணினி, கரையில் விண்டோஸ். இடம், நேரம் ஆகியவற்றை ஒரு கட்டமைப்பில் ('ஸ்ட்ரக்ட்') வைத்து அப்படியே அனுப்புகிறோம். நேரம் மட்டும் சரி, இடம் கண்டபடி வருகிறது.
— திருக்கடலூர் வாசகர்

பதில்: கட்டமைப்பில் முதலில் நேரத்தை 'லோங்' வகையிலும், அதன்பின் இடத்தை 4 பைட் எண்களாகவும் வைத்திருப்பீர்கள். 64 பிட் லினக்ஸில் 'லோங்' 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். படகு எட்டு பைட்டில் எழுதிய நேரத்தில் கரை முதல் நான்கை மட்டும் வாசித்துவிட்டு, மீதி நான்கிலிருந்து இடத்தை எடுக்கத் தொடங்குகிறது. சிறிய பெறுமதியின் கீழ்ப்பகுதி முதல் நான்கு பைட்டிலேயே அடங்கிவிடுவதால் நேரம் சரியாகத் தெரிகிறது. அதன் பின் எல்லாம் இடம்பெயர்ந்துவிடுகிறது.

அளவு நிலையான எண் வகைகளைப் பயன்படுத்தினால் இந்தக் குறை போய்விடும், ஆனால் தொகுப்பான் உறுப்புகளுக்கிடையே இடும் வெற்றிடம் இருக்கிறது. பைட் வரிசையும் இருக்கிறது. இன்டெல் கணினியும் நாம் இன்று வாங்கும் 'ஆம்' (ARM) வகைச் செயலி கொண்ட கணினிகளும் சிறுமுனை வரிசையையே (எண்ணின் கீழ்ப்பகுதி பைட் முதலில்) பின்பற்றுவதால், மாற்றாமல் அனுப்பினாலும் உங்கள் மேசையில் வேலை செய்யும். வலையமைப்பின் வழக்கமோ பெருமுனை வரிசை (மேற்பகுதி பைட் முதலில்). ஆகவே கட்டமைப்பை ஒருபோதும் அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வோர் உறுப்பையும் பைட் பைட்டாக நீங்களே எழுதுங்கள்.

உங்கள் வேலைக்கு இன்னும் எளிய வழி உண்டு: எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். உங்கள் ஜீ.பி.எஸ். கருவி என்.எம்.இ.ஏ. 0183 முறையில் தரவைத் தருவதானால், அது ஏற்கெனவே எழுத்து வரிதான். டொலர் குறியில் தொடங்கி, 82 எழுத்துக்குள் முடிந்து, ஈற்றில் சரிபார்ப்பு எண்ணோடு வரும். அந்த வரியைத் தொடாமல் அனுப்பினால் வகையும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். கரையில் பிரிக்கும்போது மட்டும் ஒன்று: '0834.2' என்று வந்தால் அது 8 பாகை 34.2 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), 8.342 பாகை அன்று. அப்படி வாசித்துவிட்டு, நெட்டாங்கையும் அவ்வாறே வாசித்தால், நமது நகரத்துக்கு வெளியே நிற்கும் படகு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தெற்கே, நிலத்தின் நடுவில் நிற்பதாகக் காட்டும். இந்தத் தவறில் எந்த இயங்குதளத்துக்கும் பங்கில்லை.

கரையிலிருந்து பதில் அனுப்புவதாயின், படகின் நிரல் அந்நேரம் ஓடாதிருந்தால் விண்டோஸில் அடுத்த 'ரெசீவ்பிரம்' 10054 என்ற பிழையோடு திரும்பக்கூடும். யூ.டி.பி.யில் இணைப்பே இல்லாதபோது 'இணைப்பு முறிந்தது' என்று சொல்வது விசித்திரமே. அனுப்பிய பொதியை வாங்க ஆளில்லை என்று எதிர்முனை சொன்ன செய்தியையே அது அப்படி மொழிபெயர்க்கிறது. அந்த எண்ணைக் கண்டால் சொக்கெட்டை மூடாமல் தொடர்ந்து வாசியுங்கள். பின்னாளில் இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் ரி.சி.பி. முறைக்கு மாறினால், ஒருமுறை அனுப்பியது ஒருமுறையிலேயே முழுதாக வரும் என்று எண்ணாதீர்கள். அது பைட்டுகளின் ஓட்டம், வரியின் முடிவை நீங்கள்தான் தேடிப் பிரிக்கவேண்டும்.

கேள்வி: இத்தனை வேறுபாடுகளையும் மறைக்கும் நூலகங்கள் இருக்கும்போது நாமே ஏன் இதையெல்லாம் எழுதவேண்டும்?
— உப்புவெளி வாசகி

பதில்: எழுதவேண்டியதில்லை. பிறர் பயன்படுத்தும் மென்பொருள் செய்வதானால் சீயில் 'லிப்யூவி'யையோ சீ பிளஸ்பிளஸில் 'ஏசியோ'வையோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது நோட் ஜே.எஸ்.ஸின் அடியில் ஓடுவது, பல்லாயிரம் கணினிகளில் அடிபட்டுத் தேறியது. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்க்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

காரணம் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு, கிளையிலிருந்து விற்பனைக் கணக்கைப் பெறும் நிரலை எழுதிக்கொடுத்தேன். லினக்ஸில் எழுதி, சொக்கெட்டின் வாசிப்புக் கால எல்லையை 5 செக்கன் என்று அமைத்திருந்தேன். விண்டோஸில் தொகுத்தபோது, அந்தத் தெரிவின் சுட்டி வகை பொருந்தவில்லை என்று தொகுப்பான் முணுமுணுத்தது; நானோ வகைமாற்றம் ஒன்றைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். லினக்ஸ் அங்கே செக்கனும் மைக்ரோ செக்கனும் கொண்ட கட்டமைப்பை எதிர்பார்க்கிறது. விண்டோஸ் மில்லி செக்கனில் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறது. நான் கொடுத்த 5 செக்கன், 5 மில்லி செக்கனாகிவிட்டது. ஒரே கட்டடத்துக்குள் சோதித்தபோது எல்லாம் சரி. மெதுவான இணைப்புள்ள கிளையில் நாளுக்கு நாலைந்து முறை கணக்கு பாதியில் நின்றது. ஒரு மாதம் கம்பியையும் ரௌட்டரையும் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். நூலகம் இந்த வேறுபாட்டை மறைத்திருக்கும் என்பது உண்மை. நூலகத்துக்கு வெளியே ஒரேயொரு தெரிவை நீங்களே அமைக்கவேண்டி வரும் நாளில் எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதும் உண்மை.

கேள்வி: என்னிடம் உள்ளது ஒரு விண்டோஸ் மடிக்கணினி மட்டுமே. லினக்ஸில் எப்படிச் சோதிப்பது?
— சீனக்குடா வாசகர்

பதில்: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் துணைமுறைமையின் இரண்டாம் பதிப்பை நிறுவுங்கள். அதில் ஓடுவது உண்மையான லினக்ஸ் கருவகம் (கேர்னல், இயங்குதளத்தின் மையப்பகுதி) என்பதால், மேலே சொன்ன 'செலெக்ட்', 'சிக்பைப்' நடத்தைகளை அங்கேயே காணலாம். முதலாம் பதிப்பு லினக்ஸின் அழைப்புகளை விண்டோஸுக்கு மொழிபெயர்த்தது; இந்தச் சோதனைக்கு அது வேண்டாம். அதே காரணத்தால், லினக்ஸ் மட்டும் வைத்திருப்போர் 'வைன்' மூலம் விண்டோஸ் நிரலை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையக்கூடாது. கீழே வேலை செய்வது லினக்ஸின் சொக்கெட்டே. அவர்கள் மெய்நிகர் கணினி ஒன்றில் உண்மையான விண்டோஸை ஏற்றிச் சோதிக்கட்டும். சோதிக்கும்போது சேவையகத்தை நடுவில் கொல்லுங்கள், கம்பியைப் பிடுங்குங்கள், இருமுறை தொடக்குங்கள். இம்மாதம் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்றுகூட, எல்லாம் ஒழுங்காக நடந்த இணைப்பைப் பற்றியதன்று.